மூன்றாவது பல்

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் கன்னத்தைப் பிடித்தபடி நெளிந்துகொண்டே இருந்தார்.

"இந்தப் பல்லையும் புடுங்கிட்டா வலி போயிடும்."

"ரெண்டு நல்ல பல்லப் புடுங்கினியே, போச்சா? தூக்கத்துல பல்லக் கடிக்கிற, அதான் நரம்பு வலிக்குதுன்னு டாக்டரம்மா சொல்லல?"

"நீதான வயித்துல பூச்சின்னு மூணு வாட்டி மாத்திர குடுத்தே?"

"என் தப்புதான். அதுக்குன்னு பொக்கவாயோட நிப்பியா? ராத்திரி மாட்டிக்கக் குடுத்த பல் கவசம் இன்னா ஆச்சு?"

"போட்டா கொமட்டுது. காதுவரைக்கும் கரன்ட் அடிக்குது, உனக்கின்னா தெரியும்?"

"இப்பக்கூட கடிச்சிகினுதான் கீறே. வாயத் தொற."

திறந்தார். பல் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் நின்றது. அவர் பாதி எழுந்தார்; அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பியதும், திறந்த வாயோடு உட்கார்ந்துவிட்டார்.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இதை எழுதியது ஐப்பசி ஐந்தாம் தேதி.