பெயருக்குக் கீழே

சென்ற ஆண்டு மார்ச் பத்தொன்பதாம் தேதி காலை, படைப்பிரிவு அருங்காட்சியகத்தின் இரண்டாவது அறையில், கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளிப் பதக்கம் எடுக்கப்பட்டு மேசைமேல் வைக்கப்பட்டது. எனக்கு அன்று சளி பிடித்திருந்தது. காப்பாளர் நல்ல மனிதர், வெந்நீர் வரவழைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் லென்ஸைக் கண்ணில் வைத்தேன்.

முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். எனக்கு இனி அவசரம் என்று எதுவும் இல்லை.

என் வேலை பெயர் வெட்டுவது. அரசாங்கப் பதக்கப் பட்டறையில், ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பிலும் பெறுபவரின் எண், பதவி, பெயர் மூன்றையும் உளியால் வெட்டுவேன். முகப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு கோட்டைவாசல், அதன்முன் தனியாக ஒரு வாள், பின்பக்கம் 'அஞ்சாதவர்க்கு' என்ற ஒரே சொல். ரிப்பன் நீலம், நடுவில் ஒரு சிவப்புக் கோடு. நீலம் விசுவாசம், சிவப்பு சிந்திய ரத்தம் என்று விதிப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. யாருடைய ரத்தம் என்று போடவில்லை. ஆள் யார் என்று சொல்வது விளிம்பு மட்டும்தான். அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

என் தம்பிக்கு இந்த வேலை பெரிய வேடிக்கை. "ஸ்கூல்ல வாத்தியார் என் பேரை வெட்டினா வெளியில நிக்கணும். எங்க அண்ணன் வெட்டினா நெஞ்சுல தொங்கலாம்" என்பான். பட்டாளத்தில் சேரப் போன அன்றும், "அண்ணே, உளியைத் தீட்டி வை. என் பேர் நீளம், விளிம்புல இடம் பத்தாது" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். சதா சீட்டியடித்துக்கொண்டிருப்பான். அங்கே அவனுக்கு 'விசில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தம்பி என்றால் என் சித்தியின் மகன். ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே பாயில் படுத்தோம். காகிதத்தில் எங்கள் இருவருக்கும் தலைப்பெழுத்து வேறு, பெற்றோர் பெயர் வேறு. முந்தைய விசாரணையில், "உங்கள் கூடப்பிறந்தவர் யாராவது ராணுவத்தில் இருந்தார்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது பொய் இல்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு மலைப்பாலத்தில் அவன் இறந்தான். பின்வாங்கும் உத்தரவு வந்தபோது, மற்றவர்கள் தாண்டும்வரை பாலத்தின் அந்தப்பக்கம் துப்பாக்கியோடு நின்றவன் அவன். அவனுடைய கேப்டன் காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிப் பாலத்தைக் கடந்தார். நான்கு பேர். தம்பி ஐந்தாவது ஆள். ஐந்தாவது முறை அவர் போகவில்லை.

இதை யாரும் என்னிடம் ஒளிக்கவில்லை. தம்பியின் கைக்கடிகாரத்தைக் கொடுக்க வீட்டுக்கு வந்தபோது கேப்டனே சொன்னார். தம்பியின் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"நாலு தடவை போனேன். அஞ்சாவது தடவை போகல. போயிருக்கணும்."

ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. பாலம் அதற்குள் உடைந்துவிட்டது என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். அவர் வாயால் அதைச் சொல்லவில்லை. என் முகத்தை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, அதைத்தான் நான் கவனித்தேன்.

அடுத்த வருடம் பதக்கம் என் மேசைக்கு வந்தது. கேப்டனுடைய பெயர். தம்பிக்கு எதுவும் இல்லை. நான் அந்தப் பெயரை ஒழுங்காகவே வெட்டினேன். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. நான்கு பேரைத் தூக்கியவருக்கு ஐந்தாவது ஆள் அவ்வளவு கனமாக இருந்தானா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பல வருடங்கள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் பட்டறைக்கு வந்தார். நானாகப் போய் எதையும் தேடவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்தான் வந்தார். பாலிஷ்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம். கைக்குட்டையில் சுற்றிய பதக்கத்தை என் முன் வைத்தார்.

"அண்ணே, ஒரு உதவி. இதுல என் பேருக்குக் கீழே அவன் பேரையும் வெட்டித் தர முடியுமா?"

என்னை அண்ணே என்றார். தம்பி என்னைப் பற்றி அப்படிச் சொல்லிக் கேட்டுப் பழகியிருப்பார்.

"விதி இடம் கொடுக்காது சார். ஒரு பதக்கம், ஒரு பேர்."

"தெரியும். அவனுக்கும் குடுக்கச் சொல்லி கேட்டுப் பார்த்தேன், நடக்கல. இதை மாட்டிக்கிட்டு நிக்கும்போது நெஞ்சு கூசுது. அவன் சம்சாரத்துக்கிட்ட குடுத்தேன். வேண்டாம்னுட்டா."

வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்றேன்.

அந்த வாரம் நான் செய்த வேலைதான் என் கைவேலைகளிலேயே சிறந்தது. முதலில் அவர் பெயரை அரத்தால் முழுவதுமாக வழித்தேன். வழித்த இடத்தில் தம்பியின் எண்ணையும் பெயரையும் ஆழமாக வெட்டினேன். பிறகு அதையும் வழித்தேன், ஆனால் முழுவதுமாக அல்ல. எழுத்தின் அடி மட்டும் மயிரிழை அளவுக்கு நிற்கும்படி விட்டேன். அதன்மேல் மறுபடியும் கேப்டனின் பெயரை, முன்பு இருந்த அதே இடத்தில், அதே அளவில் வெட்டினேன். அவர் பெயருக்குக் கீழே வேண்டும் என்று கேட்டார். அவர் பெயருக்குக் கீழேதான் வைத்தேன்.

பதக்கம் தெரிந்தவர்களுக்கு இது என்ன என்று தெரியும். விளிம்பு தேய்ந்து, ஒரு பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் தெரிந்தால், அது ஒருவனிடமிருந்து பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுத்தது. திருட்டுப் பதக்கத்தின் அடையாளமே அதுதான். அவர் போர்வீரர், இந்தத் தொழில் தெரியாதவர்.

வந்தபோது விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அவருக்குக் காட்டினேன். "வெளியில தெரியாத மாதிரி வெட்டியிருக்கேன் சார். சாய்ஞ்ச வெளிச்சத்துல மட்டும் தெரியும். வெளியில சொன்னீங்கன்னா என் வேலை போயிடும்."

"சத்தியமா சொல்ல மாட்டேன். உயிர் போனாலும் உங்க பேர் என் வாயில வராது" என்றார். அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் அரத்தூள் இருந்தது, துடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வேலை வெள்ளியுடையது. காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும், வழித்த எழுத்தின் பள்ளம் முதலில் கறுக்கும். படைப்பிரிவின் ஆண்டுவிழாவுக்காக அருங்காட்சியகம் அந்தப் பதக்கத்தை அவரிடம் இரவல் வாங்கியது. பெட்டிக்குள் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று காப்பாளருக்கு யோசனை சொன்னது நான். மார்ச் பத்தொன்பதாம் தேதி காப்பாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கொஞ்சம் பாருங்க. விளிம்புல என்னமோ சரியில்ல."

பார்த்தேன். இரண்டு பெயர்கள் இருக்கின்றன என்றேன். எது முதலில் வெட்டியது என்று கேட்டார்.

"உலோகத்துல கீழே இருக்கிறதுதான் சார் முதல்ல வெட்டினது."

அவ்வளவுதான் சொன்னேன். விசாரணையிலும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். அதில் ஒரு சொல்லைக்கூட நீங்கள் பொய் என்று நிரூபிக்க முடியாது.

விசாரணை அறையில் கேப்டனுக்கு எதிரே எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். தலைவர் கேட்டார்:

"உங்க பேருக்குக் கீழே செத்துப்போனவர் பேர் எப்படி வந்தது?"

"நான் கேட்டதால வந்தது."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"அதைச் சொல்றதுக்கில்ல. வாக்கு குடுத்திருக்கேன்."

"முதல்ல இருந்த பேரை அழிக்கச் சொன்னீங்களா?"

"யாரையும் அழிக்கச் சொல்லல. அந்தப் பேர் அங்க இருக்க வேண்டிய பேர்."

'இருக்க வேண்டிய பேர்' என்பதை எழுதிக்கொண்டார்கள். அங்கேயே அவர் கதை முடிந்துவிட்டது. பிறகு இன்னொன்றும் வெளியே வந்தது. பாலத்துச் சண்டை முடிந்ததுமே தம்பிக்குப் பதக்கம் கொடுக்கும்படி ஒரு சிபாரிசு மேலே போயிருக்கிறது. எழுதியவர் கேப்டன்தான். தனக்காக அவர் ஒரு வரியும் எழுதவில்லை, அவருக்காக எழுதியது கர்னல். அந்தக் கர்னல் இப்போது உயிரோடு இல்லை. பட்டறையிலும் ஐந்து வருடத்துக்கு மேல் உத்தரவுக் காகிதம் வைப்பதில்லை. ஆகவே, முதலில் தம்பிக்கு வந்த பதக்கத்தைக் கேப்டனும் கர்னலும் பேசிவைத்து மாற்றிக்கொண்டார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

கேட்டுப் பார்த்தேன் என்று அவர் பட்டறையில் சொன்னதை நான் நம்பியிருக்கவில்லை, அப்படி ஒரு காகிதம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் அப்போது என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், பயப்படாதே என்று சொல்வதுபோல. அது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தைரியம் சொல்ல அவர் யார்?

ஜூலையில் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். படைப்பிரிவின் சுவரிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். அதே மாதம் எனக்கு நீண்ட சேவைப் பதக்கம் கொடுத்தார்கள். குற்றமற்ற சேவைக்காக. என் பெயரை நானே வெட்டிக்கொண்டேன். பாலிஷ்காரர் அதைச் சக்கரத்தில் பிடித்தபடி, "குத்தமில்லாத சேவையாம். மாட்டிக்காத சேவைன்னு போட்டா உண்மையா இருக்கும்யா" என்றார். பட்டறையே சிரித்தது. நானும்தான்.

கேப்டன் செப்டம்பரில் இறந்தார். வாடகை அறையில், தன் கையாலேயே. விசாரித்த போலீஸ்காரர் பட்டறைக்கும் வந்தார். அலமாரியில் சீருடைக் கோட்டு தேய்த்து மாட்டியிருந்ததாம். இடது மார்பில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தனவாம். சொல்லிவிட்டு டீ குடித்தார். நானும் குடித்தேன்.

ஜனவரியில் தம்பியின் பெயரில் புதிய பதக்கம் செய்யும்படி உத்தரவு வந்தது. நான்தான் வெட்டினேன். இடம் பத்தாது என்று பயந்திருந்தான், தாராளமாகப் போதுமானதாக இருந்தது. உயிரோடு இருப்பவர் தன் பதக்கத்தை இடது மார்பில் அணிய வேண்டும், இறந்தவருடையதை உறவினர் வலது மார்பில் அணிய வேண்டும் என்பது விதி. தம்பியின் மனைவி வலதுபக்கம் குத்திக்கொண்டு மேடையில் நின்றாள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு நிறைவாக இருந்தது.

விழா முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மாமா, கேப்டன் வருஷா வருஷம் என்னைப் பார்க்க வருவார். இவர் செத்த தேதியில, ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல. பட்டறையில ஒருத்தர் பெரிய மனசு பண்ணி, இவர் பேரையும் ரகசியமா வெட்டிக் குடுத்தார்னு சொன்னார். யாருன்னு கேட்டேன். வாக்கு குடுத்திருக்கேன்மான்னுட்டார்."

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"விசாரணை நடந்தப்ப நான் போய்ச் சொல்றேன்னேன். நீ ஒதுங்கி இரு, பென்ஷனுக்கு வினையாயிடும்னு என்னைத் தடுத்தது நீங்க. அப்ப எனக்கு உறைக்கல." பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அது நீங்கதானே?"

"உன் புருஷனுக்காகத்தான் செஞ்சேன்."

"அவர் இருந்திருந்தா உங்களை வாசப்படி ஏத்தியிருக்க மாட்டார்."

அவள் இங்கே வந்து உங்களிடம் சொன்னாள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு நியாயம் என்று பட்டதை அவள் செய்தாள், எனக்குப் பட்டதை நான் செய்தேன். தம்பியின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டேன். பொய்யின்மேல் கொடுத்த பதக்கம் செல்லாது என்றீர்கள். விதி அப்படித்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். கேப்டன் அந்த அறையில் என் பெயரைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று. அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அவர் சொல்லமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். லீவில் வரும்போதெல்லாம் தம்பி அவரைப் பற்றித்தான் பேசுவான். முகத்தில் மீசையே முளைக்காதவருக்கு 'மீசை' என்று பெயர் வைத்திருந்தார்களாம். கடைசி முறை போனில் பேசியபோதும் சொன்னான்: "மீசை ஒரு வாக்கு குடுத்துட்டார்னா அவ்வளவுதான் அண்ணே. தலையை எடுத்தாலும் மாற மாட்டார். அந்த மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்ல."

அதை நம்பித்தான் நான் அரத்தை எடுத்தேன்.

திங்கட்கிழமை கேப்டனுடையது, தம்பியுடையது, இரண்டு பதக்கங்களையும் பட்டறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பாலிஷ்காரர் விளிம்புகளை வழித்துவிட்டார். இப்போது அவற்றில் யாருடைய பெயரும் இல்லை.