ஞாயிறுதோறும் கதிரை போட்டு வைத்த ஜவ்பர் நானாவுக்கு

அன்பும் அடக்கமும் அஞ்சாமையும் ஒருங்கே அமைந்த அண்ணலே, தனித்திருந்தோர்க்குத் தோழமை தேடித் தந்த தகையாளரே, எங்கள் ஜவ்பர் நானாவே, வணக்கமும் ஸலாமும்.

உங்கள் கதையை உங்களிடமே சொல்ல வேண்டியதில்லை. ஆதலால், உங்களைப் பாராட்டக் கூடிய இந்த அவையில் அமர்ந்திருப்போருக்கு அதைச் சொல்ல அனுமதி தாருங்கள்.

முல்லைத்தீவில் ஊரிழந்து, புத்தளத்து முகாமில் நெடுங்காலம் வாழ்ந்து, போர்நிறுத்தத்தில் பாதை திறந்த காலத்தில் வவுனியா வந்தவர் ஜவ்பர் நானா. பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லாமல் முதல் மாதங்களைக் கழித்த அவர், யார் எங்கே எதற்காகக் கூடுகிறார்கள் என்று மக்களுக்கு வழிகாட்டும் எமது நிலையத்தில் சேர்ந்தார். வந்தவரிடம் எந்த ஊர் என்று அவர் கேட்டதேயில்லை. அதைச் சோதனைச் சாவடியிலேயே கேட்டு முடித்திருப்பார்கள். “உங்களுக்கு என்னத்தில பிரியம்?” என்றுதான் கேட்பார். முத்திரை சேர்க்கும் மாங்குளத்து அப்புத்துரை ஐயாவுக்கு, இருந்த ஒரேயொரு கணினியில், கடல் கடந்த முத்திரைக் குழுவொன்றைத் தேடிக் கொடுத்தவர் அவரே.

ஒருநாள் சுதாஜினி என்றொரு பெண் தன் அண்ணன் கோகுலனை அழைத்து வந்தாள். தையல்காரரான கோகுலனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. “வீட்டில நாங்கள் கதைச்சுச் சிரிக்கேக்க, அண்ணா சுவரைப் பாத்துக்கொண்டிருப்பார்” என்றாள். நானா சைக்கிளை எடுத்தார். கிராமம் கிராமமாக விசாரித்து, காது கேளாதோரைக் கண்டுபிடித்து, வீரகத்தியரின் தேநீர்க்கடைப் பின்னறையில் ஞாயிறுதோறும் கூட வைத்தார். கோகுலனின் கைகள் அங்கே ஓயாமல் கதைத்தன.

2007 இல் நிலைமை இறுகியது. கூட்டமாக நிற்பதற்கே சனம் பயந்தது. ஒரு ஞாயிறு பிற்பகல், துப்பாக்கியோடு ரோந்து வந்த படையினர் பின்னறைக்குள் நுழைந்து, கைகளை உயர்த்தும்படி கத்தினார்கள். வாசலுக்கு முதுகு காட்டி இருந்த கோகுலன் திரும்பவில்லை. அவருடைய கைகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. யாருக்கோ சைகை காட்டுகிறான் என்று எண்ணிய ஒருவன் துப்பாக்கியை அவர் முதுகுக்கு நேரே நீட்டினான்.

ஓடினால் சுட்டுவிடுவான் என்று நானாவுக்குத் தெரிந்தது. ஆகவே மெல்ல நடந்தார். துப்பாக்கிக்கும் கோகுலனுக்கும் நடுவே போய் நின்று, தம் இரு கைகளையும் உயர்த்தி, இவர்களுக்குக் காது கேளாது என்று சிங்களத்தில் சொன்னார். மறுபடியும் சொன்னார்.

இருவரையும் கொண்டுபோனார்கள். இவர்களைக் கூட்டியது யார் என்று கேட்டபோதெல்லாம் அவர் தம் பெயரை மட்டுமே சொன்னார். அடுத்த நாள் விட்டார்கள்.

கடைக்குப் போனார். வீரகத்தியர் தலை குனிந்து, “குறை நினையாதேங்கோ நானா. எனக்கும் பிள்ளையள் இருக்கு” என்றார். நானா அவருடைய தோளைத் தட்டிவிட்டு நேரே எமது பொறுப்பாளர் அருந்ததியிடம் வந்தார். நிலையத்தின் றோட்டோரத்து முன்னறையைக் கேட்டார்.

“ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?”

“நான் சொல்லுறன். ஒளிச்சிருந்தாத்தான் சந்தேகம், தங்கச்சி. போறவாற எல்லாரும் பாக்கட்டும்.”

அருந்ததி எழுந்து போய் முன்னறையைத் திறந்து காட்டினார். பிறகு, “அப்ப யன்னலை நல்லாத் திறந்து விடுங்கோ” என்றார்.

முதல் ஞாயிறே ரோந்து வாகனம் வாசலில் நின்றது. அன்று துப்பாக்கி நீட்டிய அதே படையினன் யன்னலருகே வந்து பார்த்தான். அறையில் எல்லாக் கைகளும் மடியில் விழுந்தன. நானாவோ கோகுலனைப் பார்த்து, தமக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில், சாப்பிட்டாயா என்று கேட்டார். கேட்டது பிழையாகிவிட்டது போலும். கோகுலன் வாய்விட்டுச் சிரித்தார். படையினன் சற்றுநேரம் பார்த்து நின்றுவிட்டுப் போய்விட்டான்.

அன்றுமுதல் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அவரே வந்து கதவைத் திறந்து கதிரை போட்டு வைப்பார்.

பெருமதிப்புக்குரியவரே, நாளை என்ன நடக்கும் என்று தெரியாத இந்நாளில் பெரிய வாழ்த்துகள் சொல்ல நாவெழவில்லை. உடல் நலத்தோடும் உறவுகளோடும் நெடிது வாழ்க. பிறந்த மண்ணில் ஒருநாள் அச்சமின்றி நடக்க. இந்த ஞாயிறு கதவு திறக்க நீங்கள் வர வேண்டாம். திறப்பு எங்களிடம் இருக்கிறது. கதிரைகளையும் நாங்கள் போடுவோம். நீங்கள் வந்து அமர்ந்தால் போதும்.

என்றும் உங்கள் அன்பில்,
பணியாளர்கள்,
வழித்துணை மக்கள் தகவல் நிலையம், வவுனியா.
பங்குனி 2008