பின்பக்கத்துக் கான்

மலையில் இடம் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் காட்சியைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். நான் அப்படி இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்கிப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கோயம்புத்தூர்க்காரன் நான், கீர்த்திவாசன். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஏழெட்டு இடம் வாங்கி விற்றிருக்கிறேன். இதுவரை ஒருவர் வயிற்றிலும் அடித்ததில்லை. காண்ட்ராக்டர் எல்லப்பன் உங்களிடம் வாயைத் திறந்துவிட்டான் என்று தெரியும். அதனால் மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரிப் பக்கத்துக் கட்டபெட்டு இடம் தேயிலைச் சரிவு. தங்கும் விடுதி கட்டலாம் என்று ஆசைப்பட்டுக் குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதிக்கு வங்கிக் கடன். இடத்தைப் பார்க்க வந்த வங்கிக்காரர் சரிவின் அடியிலிருந்த ஓட்டு வீட்டைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். "உள்ள ஆள் இருக்கறாங்களே சார். காலி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். மீதியைக் கட்டும் கெடு தாண்டினால் அட்வான்ஸும் போகும், என் வீடும் போகும். ஒரு ஓட்டு வீட்டுக்காக நான் தெருவில் நிற்பதா?

அங்கே இருந்தவர்கள் தங்கையாவும் அவர் மனைவி சின்னம்மையும். இலங்கைத் தோட்டத்திலிருந்து இளவயதில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இந்த இடத்தின் பழைய முதலாளி வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்த வீடு. மேட்டுப்பாளையத்தில் வாடகை வீடு பிடித்துத் தருகிறேன் என்று நயமாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க பெரியவரே, இந்தக் குளுருல எதுக்குங்க கெடந்து கஷ்டப்படறீங்க?"

"அங்க ஒருக்கா எழும்பச் சொன்னாங்க, எழும்பி வந்தோம் தொர. இனி எங்களுக்கு ஏலாது" என்றார். "கானுல மட்டும் கை வச்சிராதீங்க" என்றும் சொன்னார்.

கான் என்றால் நமக்குக் காடு. தோட்டத்து ஜனங்களுக்கு அது தண்ணீர் வடிகிற வாய்க்கால். பெரியவர் காட்டைச் சொல்கிறார் என்று நினைத்ததாகவும், ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை என்றும் முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். உண்மையில், அதைச் சொன்னபோது அவர் வீட்டுக்குப் பின்னால் அந்தக் கானுக்குள்தான் முழங்கால் அளவு நின்று சேற்றை வாரிக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

மேலே பாதைக்கு வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று எல்லப்பன் கேட்டான்.

"அந்தக் கானுலயே தள்ளீருப்பா" என்றேன்.

"கீழ ஊடு இருக்குதுங்களே சார்."

"தெரியும். தள்ளு."

இருவரும் கூலி வேலைக்குப் போயிருந்த பகலில் காரியம் முடிந்தது. தங்கையா திரும்பி வந்ததும் மண்வெட்டியை எடுத்தாராம். வயதான ஒரு மனிதர் தனியாக வாரித் தீர்க்கிற மண்ணா அது? கான் அடைபட்டுச் சுவரில் ஈரம் ஏறினால் தானாகவே கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதில் கொலை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் தங்கையா போன் செய்தார்.

"பின்சுவர் தள்ளிக்கிட்டு நிக்குது தொர. இவளுக்கு வேற காய்ச்சல். ராவைக்கு எழும்பிக் கோயிலுக்குப் போகவா, இங்கயே இருக்கவா?"

ஆயுள் முழுக்கத் தொரையிடம் லீவு கேட்டே நடந்த மனிதர். உயிர் தப்பி ஓடுவதற்கும் என்னிடம் உத்தரவு கேட்டார். போங்கள் என்று ஒரு வார்த்தை போதும். நான் யோசித்தேன். கோயிலுக்குப் போனால் விடிந்ததும் திரும்பிவிடுவார்கள். சுவர் விழுந்தாலும் தகரத்தை வைத்து மறைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்காருவார்கள். அப்புறம் வங்கிக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது?

"ஒண்ணும் ஆகாதுங்க. அம்மாவப் போத்திப் படுக்க வைங்க. காலைல ஆள் அனுப்பறேன்" என்றேன்.

"சரிங்க தொர" என்று வைத்துவிட்டார்.

விடியற்காலையில், எனக்கு ஒருவரும் தகவல் சொல்வதற்கு முன்பே, எல்லப்பனின் ஆட்களை மண்வெட்டியோடு அனுப்பினேன். இரண்டு பேரையும் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவர்கள் அவர்கள்தான். ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னேன், அனுப்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.