கார்டு நலமாக இருக்கிறது

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். எங்கள் கேன்டீன் டீயில் கிளாசின் அடி தெரியும். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பகலவன். சேரப்பணஞ்சேரி பக்கம் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் நான்தான் கம்ப்யூட்டர் ஆள். அங்கே ஒவ்வொரு பிரஸ் மெஷினுக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் செருகிய கார்டு ஒன்று, அதற்கென்று தனி பிராசசர். கம்ப்யூட்டரின் பிராசசர் ஒரு வகை, கார்டினுடையது வேறு வகை. வீட்டோடு வந்து தங்கிய வெளியூர் மாப்பிள்ளை மாதிரி. பேச்சு புரியாது, ஆனால் உழைப்பாளி. மெஷின் மேல் இருக்கும் கேமரா காட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கை உள்ளே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும். இரண்டுக்கும் நடுவே பேசிவைப்பது ஆபரேட்டிங் சிஸ்டம்.

எல்லா மெஷின்களுக்கும் புது சிஸ்டம் போட வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொன்னது. வாடிக்கையாளர் கம்பெனியைப் பார்க்க வருவதற்குள் முடித்துவிடுவேன் என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அதெல்லாம் அபூர்வம். போட்ட பிறகுதான் தெரிந்தது, புது சிஸ்டத்துக்கு அந்த வகை பிராசசரைத் தெரியவே தெரியாது. கார்டுகள் எழுந்திருக்கவில்லை. கார்டு பதில் தராவிட்டால் பிரஸ் ஓடாது. அப்படித்தான் கட்டியிருந்தார்கள், பயந்த மனிதர்கள்.

சூப்பர்வைசர் நாகப்பன் வந்து நின்றார். "இன்னாபா, லைன் ஓடுமா ஓடாதா? அத்த மட்டும் சொல்லு."

"ஓடும்ணே."

சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். கார்டு நலமா என்று சிஸ்டம் கேட்கும்போதெல்லாம், கார்டுக்குப் பதிலாக அது 'நலம்' என்று சொல்லும். 'கை எதுவும் இல்லை' என்றும் சொல்லும். மரியாதை தெரிந்த புரோகிராம். பச்சை விளக்கு எரிந்தது, லைன் ஓடியது, வாடிக்கையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பாண்டிச்செல்வி நாங்குநேரிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி, பிரஸ்ஸில் வேலை பார்த்தாள். ஒருநாள் என் அறைக்கு வந்தாள்.

"சார், பச்சை எரியத்தான் செய்யுது. ஆனா என் கையுறை உள்ள விழுந்தப்ப மெஷின் நிக்கவே இல்ல. பயமா இருக்கு, ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

எனக்குக் கேலி செய்யும் சுபாவம். "கையுறைக்கும் கைக்கும் வித்தியாசம் தெரிஞ்ச கேமராம்மா அது. உன்னைவிடப் புத்திசாலி" என்றேன். சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

அந்த ஷிஃப்ட்டிலேயே அவளுடைய வலது கை போனது.

ஆம்புலன்ஸை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் அந்த மெஷினில் பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட்டேன். விசாரிக்க வந்தவர்கள் உள்ளே ஒரு குச்சியை நீட்டினார்கள். பிரஸ் அழகாக நின்றது. கேமராவின் மேல் கிடந்த ஒரு துணியை அதற்கு முன்பே எடுத்திருந்தார்கள். வேலை வேகமாக நடக்க அவளே துணி போட்டுக் கேமராவை மறைத்திருக்கிறாள் என்று முடிவு செய்து, வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். துணி என்னுடையது.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். "துணி எப்படி வந்துச்சின்னே தெரியல சார். நானே மறந்து போட்டுட்டேனோ என்னவோ" என்றாள். மறுத்துப் பேசி அவளைக் களைப்படைய வைக்கவில்லை. உரித்தும் கொடுத்தேன்.

மற்ற மெஷின்களைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய சிஸ்டத்தை அந்த ஒன்றில் மட்டும்தான் போட்டேன். மற்றவற்றிலும் போடுவதானால் லைனை நிறுத்த வேண்டும், மேடம். இப்போது ஷிஃப்ட் நடந்துகொண்டிருக்கிறது. வேலை செய்கிறவர்களைத் தொந்தரவு செய்ய எனக்கு என்றைக்குமே மனம் வராது.