ஒரு ஓட்டு குறைந்தது

இந்த அறையின் மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது, ஐயா. என் மைத்துனன் இருந்திருந்தால் நாற்காலி மேல் ஏறி ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்திருப்பான். கூலி கேட்க மாட்டான். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். அவன் நல்லவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அதை மறைத்தேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். இருபத்தாறு வருடமாக அதே தெரு, அதே கடை. கடைக்குப் பின்னால் வீடு. மாடியில் நானும் என் மனைவியும், கீழே அவளுடைய தம்பியும் அவன் மனைவியும். அவனுக்குப் பெயர்ப்பலகை எழுதும் தொழில். அவன் மனைவி ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே தண்ணீர்க் குழாய். இத்தனை வருடத்தில் குழாயடிச் சண்டைகூட எங்களுக்குள் வந்ததில்லை.

நகரசபைத் தேர்தலில் நான் நான்கு முறை நின்றேன், நான்கு முறையும் தோற்றேன். தெருவில் என் பெயரே மறந்துபோய், 'நின்னவர்' என்றாகிவிட்டேன். "நின்னவர் கடையில போயி தலைவலி மாத்திரை வாங்கிட்டு வா" என்று என் காதுபடவே சொல்வார்கள். கேலி பழகிவிடும், ஐயா. தோற்பதும்கூடப் பழகிவிடும். எனக்குப் பழகாதது ஒன்றுதான், அதை நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் தடவை நின்றது சாக்கடைக்காக. மழை பெய்தால் கடைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வரும், மருந்துப் பெட்டிகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு வியாபாரம் செய்வேன். எங்கள் கவுன்சிலரிடம் ஏழு தடவை மனுக் கொடுத்தேன். ஏழாவது தடவை அவர், "அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே நின்னு ஜெயிச்சு வாங்களேன்" என்றார். நின்றேன்.

மைத்துனன்தான் துள்ளிக் குதித்தான். "நில்லுங்க மாமா, சுவரெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். எனக்குக் கிடைத்த சின்னம் பூட்டு. அவன் வரைந்த பூட்டைப் பார்த்துவிட்டு, சாவி எங்கே என்று குழந்தைகள் சுவரில் தேடின. தெருமுனையில் தச்சுவேலை செய்கிற கிழவர், "பூட்டுக்கு வேணும்னா ஓட்டுப் போடறேன், உனக்குப் போடச் சொல்லாத" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஓட்டு எண்ணும் முறை உங்களுக்குத் தெரியாததில்லை. ஒவ்வொரு சாவடிப் பெட்டியையும் தனித்தனியாகத் திறந்து எண்ணுவார்கள். எந்தத் தெருவில் எவ்வளவு விழுந்தது என்று கடைசியில் தாளில் எழுதித் தருவார்கள். எண்ணும் மேசையில் என் சார்பாக மைத்துனன் உட்கார்ந்தான். நான் வெளியே மரத்தடியில் இருந்தேன். முகம் தெரியாத தெருக்களில் எனக்கு அறுபது, எழுபது என்று விழுந்திருந்தது. என் சொந்தத் தெருச் சாவடியில் நான்கு.

எங்கள் வீட்டில் அப்போது ஐந்து ஓட்டு. நான், மனைவி, மகள், மைத்துனன், அவன் மனைவி. ஐந்து பேரும் ஒன்றாகத்தான் போய்ப் போட்டுவிட்டு வந்தோம்.

தெருவே கைவிட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினேழு வருடம் முகத்தைப் பார்த்தவர்கள், சலித்திருப்பார்கள். ஆனால் என் வீட்டுச் சோற்றைத் தின்று, என்னோடு வரிசையில் நின்று, உள்ளே போய் வேறு ஒருவனுக்கு முத்திரை குத்திவிட்டு, வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்த ஆள் யார்? அன்றைக்கு அந்தக் கேள்வியோடு படுத்தேன். ஒன்பது வருடம் அதோடுதான் எழுந்தேன்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நான்கு பேரும் சத்தியம் செய்வார்கள். மருந்துக்கடைக்காரன் நான். உடம்பில் தடிப்பு வந்தால், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

மூன்று வருடம் கழித்து மறுபடி நின்றேன். அதற்குள் மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். வீட்டில் நான்கு ஓட்டு. விழுந்தது மூன்று. ஆக, மகள் இல்லை. அன்று மாலையே அவளுக்குப் போன் செய்து வெகுநேரம் பாசமாகப் பேசினேன். "என்னப்பா, தோத்ததுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்று கேட்டாள்.

மூன்றாவது தேர்தலின்போது அவளுக்குப் பிரசவ நேரம். என் மனைவி, ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் கிளம்புகிறேன் என்றாள். நான் விடவில்லை. முதல் நாளே பஸ் ஏற்றிவிட்டேன். "நீங்க நிக்கற தேர்தலுக்கு நானே ஓட்டுப் போடலைன்னா ஊரு சிரிக்காதா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டபடியே போனாள். வீட்டில் மிச்சம் மூன்று ஓட்டு. விழுந்தது இரண்டு. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் மேல் இருந்த சந்தேகம் அன்றைக்குத் தீர்ந்தது. இனிமேல் கீழ்வீட்டு இருவர்தான்.

அதற்குப் பிறகு மைத்துனனைக் கவனிக்க ஆரம்பித்தேன். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அவன் விஷயத்தில் நிறையவே புகைந்தது. கவுன்சிலரின் வீட்டுப் பெயர்ப்பலகையை எழுதிக் கொடுத்தது அவன். கேட்டால், "தொழில் வேற, கட்சி வேற மாமா" என்றான். கவுன்சிலரின் ஆட்களோடு டீக்கடையில் உட்கார்ந்திருப்பான், நான் வந்தால் பேச்சை நிறுத்துவான். எண்ணிக்கை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "விடுங்க மாமா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பான். அதைவிட ஒன்று. இரண்டாவது தேர்தலிலிருந்து, ஓட்டுப் போடப் போகும் வழியில், ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "மாமா, முத்திரையை மட்டும் குத்திட்டு மடிச்சுப் போட்டுடுங்க, வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்று சொல்வான். அவன் பிறப்பதற்கு முன்பே ஓட்டுப் போட்டவன் நான். எனக்கு ஏன் பாடம் எடுக்கிறான், என் கவனத்தை எதிலிருந்து திருப்புகிறான் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போனது.

நான்காவது தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பு அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டான். ஏணி ஏறக் கூடாது, கூட்டத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வேளையும் மாத்திரை. மறதிக்காரன் என்பதால் வாரத்துக்கு ஒரு டப்பா. ஏழு நாளுக்கும் மூன்று மூன்று அறையாக இருபத்தொரு அறை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை நிரப்பிக் கொடுப்பது நான். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. என் மனைவி அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

அந்த நிலையிலும் அவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்குச் சுவர் எழுதினான். அந்தத் தடவை என் சின்னம் மெழுகுவர்த்தி.

ஓட்டுப்பதிவன்று காலையில் அவன் மனைவி தலைவலி என்று மாத்திரை கேட்டு வந்தாள். எனக்குத் தங்கை முறை. தலைவலிக்குக் கொடுத்தேன், கூடவே தூக்கத்துக்கும் ஒன்று கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து, "ஐயோ அண்ணா, உங்களுக்கு ஓட்டுப் போடாம தூங்கிட்டேனே" என்று கண் கலங்கினாள். பரவாயில்லையம்மா என்றேன். அவளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. நான் அளவு தெரியாதவன் இல்லை. என் மனைவி அந்த வாரம் பேரனைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆக, வீட்டிலிருந்து போனது இரண்டே ஓட்டு. நானும் அவனும்.

எண்ணிக்கை இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை. இந்தத் தடவை மேசையில் நானே உட்காருகிறேன், நீ வீட்டில் இரு என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. "வேணாம் மாமா, நானே போறேன். உங்களுக்கு எதுக்கு அந்தக் கூச்சலும் புழுக்கமும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன் என்று அப்போது நினைத்தேன்.

புதன்கிழமை மாலை, அவன் குளிக்கப் போன நேரத்தில், டப்பாவில் வியாழன் மதியத்து அறையில் இருந்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன். அது என்ன என்று உங்கள் பரிசோதனை அறிக்கையிலேயே இருக்கிறது. அவன் ஒரு மணிக்குச் சாப்பிட்டதும் மாத்திரை போடுவான். எங்கள் பெட்டியைப் பன்னிரண்டுக்குள் எண்ணிவிடுவார்கள். இரண்டு ஓட்டும் எனக்கே விழுந்திருந்தால் உடனே போன் செய்து, மதிய மாத்திரையை மாற்றி வைத்துவிட்டேன், போடாதே என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். நான் நியாயம் பார்க்கிறவன். யாரையும் விசாரிக்காமல் தண்டித்ததில்லை.

பெட்டியைத் திறந்து கொட்டினார்கள். கவுன்சிலருக்கு இருநூற்றுச் சொச்சம். எனக்கு ஒன்று.

ஒன்று என்றதும் எனக்கு ஒருவிதமான நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அதிகாரி, "செல்லாத ஓட்டு ஒண்ணு இருக்குங்க, பாத்துக்கோங்க" என்று ஒரு சீட்டை எங்கள் முன்னால் விரித்தார். மெழுகுவர்த்திக்கு நேராக முத்திரை சுத்தமாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து இருந்தது.

நான் போட்டதுதான். என் கையை விட்டுப் போகிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல் எனக்கு மனசு ஆறாது. மருந்துச் சீட்டு, ரசீது, டப்பாவில் ஒட்டுகிற துண்டுத் தாள் எல்லாவற்றிலும் போடுவேன். ஓட்டுச் சீட்டிலும் நான்கு தேர்தலிலும் போட்டிருக்கிறேன். மடிக்கும் முன்னால் கை தானாகப் பேனாவை எடுத்திருக்கிறது. போட்டவர் யார் என்று தெரிந்தால் அந்த ஓட்டுச் செல்லாதாம். விதி எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அது எனக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

அதிகாரி வயதானவர். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "மூணு தேர்தலா இதே மேசையில இதைத்தான் பாக்கறேன். உங்க ஆளுதான் ஒவ்வொரு தடவையும் கையைப் புடிச்சுக்குவார். மாமாகிட்ட சொல்லிடாதீங்க, தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார், வீட்டுல நானே பக்குவமா சொல்லிக்கறேன்னு. பாவம், டீக்கடையில கவுன்சிலர் ஆளுங்ககிட்டயும் அதையேதான் கெஞ்சிக்கிட்டு இருந்தார், வெளிய சொல்லிக் கேலி பண்ணாதீங்கன்னு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து. போன் என் சட்டைப் பையில் இருந்தது.

நீங்கள் இந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் மேசையை விட்டு எழவில்லை. மற்றப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு அவனே போன் செய்தான்.

"என்ன மாமா, எவ்வளவு?"

"நம்ம பெட்டியில ஒண்ணு."

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றான்.

"ஒண்ணும் சொல்லல."

"விடுங்க மாமா. அடுத்த தடவை பாத்துக்கலாம். சாப்டீங்களா?"

"இனிமேத்தான். நீ?"

"இப்பத்தான் தட்டைப் போட்டேன்."

"சாப்பிட்டுட்டு மறக்காம மாத்திரை போட்டுக்க மாப்ளே" என்றேன்.

"மறப்பேனா? நீங்க எடுத்து வச்சது" என்றான்.

அவ்வளவுதான். நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். சீட்டைப் பார்த்த பிறகும், அதிகாரி சொன்னதைக் கேட்ட பிறகும், அவன் குரலைக் கேட்ட பிறகும் செய்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. என் மனைவிக்கு நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றார்கள், நல்லது.

ஏன் என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், ஐயா. ஒன்பது வருடம். என்னைத் தோற்கடித்தது என் கைதான் என்று தெரிந்த ஒருவன் கீழ்வீட்டில் இருந்துகொண்டு, காலையில் குழாயடியில் என்னைப் பார்த்துச் சிரித்து, சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். என் சுவரை எழுதும்போதும் அவனுக்குத் தெரியும். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன் செய்து அவனைக் காப்பாற்றியிருந்தால், அன்று மாலை எந்த முகத்தோடு அந்த வாசலில் நுழைவேன்?

யார்மேல் என்பதிலும் எதற்காக என்பதிலும் வேண்டுமானால் நான் கொஞ்சம் பிசகியிருக்கலாம். ஆனால் அவன் என்னிடம் எதையோ மறைக்கிறான் என்று ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டேனே, அது சரியாகத்தானே இருந்தது.