வட்டத்துக்குள் ஒரு புள்ளி

உங்கள் காவல் நிலைய எழுத்தர் எழுதிக் கொண்டுவந்த என் வாக்குமூலத்தின் முதல் பக்கத்தில் ஆறு பிழைகள் இருந்தன, பாஷா. ஓரத்தில் குறித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கையெழுத்து என்னவோ அழகுதான். ஆனால் நாலாவது வரியில் ‘வெறியோடு பாய்ந்தேன்’ என்று போட்டிருக்கிறார். நான் பாயவில்லை. அந்த இரண்டு சொற்களின் மேல் ஒரே கோடாக இழுத்துவிட்டேன். கோட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பதை யார் வேண்டுமானாலும் இன்னும் படிக்கலாம். அடிப்பது என்றால் அப்படித்தான் அடிக்க வேண்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வழக்கே அதில்தான் தொடங்குகிறது.

அஸ்ஹர் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள சந்தில், எங்கள் அச்சகத்தில் முப்பத்தோரு வருடங்களாக நான் பிழைதிருத்துபவன். சிவப்பு மை பிழைக்கு, பச்சை சந்தேகத்துக்கு, பென்சில் எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளுக்கு. தேநீர் போடும் ஹமூதா, போவோர் வருவோரிடமெல்லாம், “உஸ்தாத் வஹ்பி பொண்டாட்டி பேசினாக்கூட ஓரத்துல பச்சைக் கோடு போடுவாரு, அதான் அந்தம்மா கோவிச்சுக்கிட்டு தன்தாவுக்கு, பொறந்த ஊருக்கே போயிட்டாங்க” என்பான். சிரித்துக்கொள்வேன். பாதி உண்மைதான்.

கடைசிப் பதினோரு வருடங்கள் ஒரே ஒரு நூலோடு போயின. அறுநூறு வருடங்களுக்கு முன் டமாஸ்கஸில் ஒரு கண் வைத்தியர் எழுதியது. உலகத்தில் அதற்கு ஒரே பிரதிதான். அது எங்கள் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பதிப்பாசிரியர் டாக்டர் லுத்ஃபி மின்யாவி. அட்டையில் அவர் பெயர் வரும். உள்ளே வேலை என்னுடையது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. எழுதிக்கொள்ளுங்கள், வருத்தம் கிடையாது.

தண்ணீர் பட்டு அழிந்த இடங்களில் நான் எதையும் ஊகித்து நிரப்பவில்லை. அந்தச் சொல்லின் மேல், எழுத்தைத் தொடாமல், வால்போல ஒரு சிறு கோடு போட்டேன். ‘இப்படித்தான் கிடைத்தது, ஆனால் நான் நம்பவில்லை’ என்று அதற்கு அர்த்தம். பழைய ஆட்கள் வைத்த வழக்கம் அது. ஒன்பது இடங்களில் மருந்தின் அளவே மங்கியிருந்தது. லுத்ஃபிக்கு அந்தக் கோடுகளைக் கண்டாலே ஆகாது. ஒன்பதையும் தூக்கிவிட்டுத் தன் ஊகத்தை அச்சில் ஏற்றச் சொன்னார். மூலத்தைப் பார்க்க டமாஸ்கஸிலிருந்து ஓர் அறிஞர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. ஊகம் பொய் என்று தெரிந்தால் லுத்ஃபிக்கு வரவிருந்த பரிசு போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை மூலத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஒரு தாளைச் சன்னல் பக்கம் பிடித்தபோது, சொல் இருந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவி வந்தது. தாள் மெலிந்திருந்தது. யாரோ பிளேடால் சுரண்டி, பழைய மைபோலத் தெரிய வால்நட்டுச் சாயம் கலந்து, புதிதாக ஒரு சொல்லை எழுதியிருந்தார்கள். அடுத்த தாள். அதற்கடுத்தது. ஒன்பது இடங்களும். லுத்ஃபி மூலத்தையே திருத்தி, தன் பிழைக்கு ஒத்துப்போக வைத்துவிட்டார்.

உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். அந்த வைத்தியருடைய ஒரே வாய் அது, பாஷா. அதில் ஒன்பது பற்களைப் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டியிருந்தார்.

ஜும்ஆத் தொழுகைக்கு அச்சகம் காலியானது. ஒலிபெருக்கியில் தொழுகைக்கு முந்தைய குத்பா உரை ஓடிக்கொண்டிருந்தது. மூலத்தைக் கட்டி எடுத்துவைக்க லுத்ஃபி வந்தார். நான் தாளைச் சன்னலில் பிடித்துக் காட்டினேன். அவர் மறுக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“யாருக்கய்யா தெரியப் போவுது? செத்து அறுநூறு வருஷம் ஆனவன் எந்திரிச்சு வந்து கேக்கப் போறானா?”

அடித்தால் தெரிய வேண்டும், சுரண்டக் கூடாது என்று அவரே பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பதை நினைவுபடுத்தினேன்.

“அது பசங்களுக்கு எழுதினது, வஹ்பி. நீ பென்சில் சீவுற ஆளு. போய்ப் பென்சிலைச் சீவு.”

தாள்களை அமுக்கி வைக்கும் இரும்புக் கட்டை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்து அவர் காதுக்கு மேலே ஒருமுறை வைத்தேன். ‘வைத்தேன்’ என்பதுதான் சரியான சொல். அவர் மேசை விளிம்பில் மோதிச் சரிந்தார். தானாகவே விழுந்தபோது பட்ட காயம் என்று முதல் நாள் நீங்கள் எழுதிக்கொண்டது அதைத்தான்.

நினைவு உடனே திரும்பிவிட்டது. கத்த வாயைத் திறந்தார். மைத்துணியை உள்ளே திணித்தேன். கடித்தார், என் சுண்டுவிரலில் இந்தத் தழும்பு அப்படி வந்தது. துணியை இன்னும் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. முன்பல் இரண்டு உடைந்தன. நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றி, அவர் சட்டைப் பையைத் துழாவினேன். சுரண்டிய பிளேடு அங்கேயே இருந்தது. காகிதத் தூள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் சுரண்டவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இடது மணிக்கட்டில் ஒரே கோடு, முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் கை தூக்காமல். பிறகு வலதில். கால்கள் தரையை உதைத்துக்கொண்டே இருந்தன; ஒரு செருப்பு சன்னல்வரை போய் விழுந்தது. சுவரில் தெறித்தது. மூலத்தின் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. அவரிடம் காட்டி முடித்ததுமே அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். ஆத்திரத்தில் செய்கிறவனுக்கு அவ்வளவு கவனம் இருக்குமா, சொல்லுங்கள்.

அதற்கப்புறம் கடிதம். லுத்ஃபியின் கையெழுத்தை முப்பத்தோரு வருடம் படித்தவனுக்கு அதை எழுதுவது பெரிய காரியமில்லை. பென்சிலில் ஒரு வரைவு போட்டேன். பிறகு மையில் நகல் எடுத்தேன். ‘மூலத்தை ஒன்பது இடங்களில் சுரண்டிவிட்டேன். இந்த அவமானத்தோடு டமாஸ்கஸ்காரர் முகத்தில் விழிக்க முடியாது.’ அவ்வளவுதான். அவர் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் எழுதினேன். என் சொந்தச் சொல் ஒன்றுகூட அதில் கிடையாது.

முடித்ததும் துணியை வாயிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டேன். பென்சில் வரைவும் இரும்புக் கட்டையைத் துடைத்த காகிதமும் அதே அடுப்புக்குப் போயின. கையைக் கழுவிக்கொண்டு, தொழுகையின் இரண்டாம் ரக்அத்துக்குள் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் போய் நின்றேன். ஹமூதாதான் பிறகு முதலில் பார்த்து அலறினான்.

இரண்டு நாள் எல்லாரும் நம்பினீர்கள். மூன்றாம் நாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, புதினாத் தேநீர் வாங்கிக் கொடுத்து, கடிதத்தின் அடியில் இருந்ததைக் காட்டினீர்கள்.

“இந்த வட்டம் என்ன உஸ்தாத்? உள்ள ஒரு புள்ளி வேற இருக்கு.”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. முப்பத்தோரு வருடத்தில் வெளியாள் ஒருவர் அதைக் கேட்டது அன்றுதான். நகல் எடுத்தவன் பத்தி முடிந்ததும் வெறும் வட்டம் போடுவான் என்றேன். பிறகு ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் நகலை வைத்துக்கொண்டு கேட்பார் என்றேன். எல்லாம் சரியாக இருந்தால் கேட்டவர் வட்டத்துக்குள் புள்ளி வைப்பார். புள்ளி இல்லாத நகலை நம்பக் கூடாது. நான் விவரித்துக்கொண்டே போக, உங்கள் எழுத்தரின் பேனா எப்போதோ நின்றுவிட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை.

“தற்கொலைக் கடுதாசிய யாரு நகல் எடுப்பாங்க?” என்றீர்கள். குரலை உயர்த்தவே இல்லை. “சரி, அத விடுங்க. ஒப்பிட ரெண்டு பேரு வேணும்ங்கிறீங்க. அந்த ரெண்டாவது ஆளு யாரு உஸ்தாத்?”

அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எழுத்தரைச் சரியாக எழுதச் சொல்லுங்கள்.

நகல் முடிந்தபோது டாக்டருக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. சுவரில் சாய்த்து உட்கார வைத்து, நகலை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வரைவை நிறுத்தி நிதானமாக உரக்கப் படித்தேன். வாயில் அப்போது துணி இல்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டாவது வரியில் அவர் உதடு அசைந்தது. நிறுத்தினேன். திருத்தம் ஏதாவது உண்டா டாக்டர் என்று கேட்டேன். காத்திருந்தேன். வலது கை தரையில் கதவுப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் மீதியையும் படித்து முடித்தேன். நகர்ந்த அந்தக் கையை எடுத்து, ஆள்காட்டி விரலை வட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தேன். மை தேவைப்படவில்லை. புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது, பழுப்பாகவும் காய்ந்துவிட்டது. உங்கள் ஆட்கள் ரேகையைப் பார்த்திருப்பார்கள், அது அவருடையதுதான்.

கேட்டவர் சம்மதமில்லாமல் இந்த முப்பத்தோரு வருடத்தில் ஒரு பக்கத்தைக்கூட நான் வெளியே விட்டதில்லை, பாஷா.