இரண்டு சிவப்பு வட்டங்கள்

திரையைப் பார்த்து யாராவது தடுமாறினால் எனக்கு மனசு கேட்காது. அதனால்தான் தொழிற்சாலையை விட்டு, கைப்பேசித் திரைகளை வடிவமைக்கும் வேலைக்கு வந்தேன்.

அதற்கு முன் எட்டு வருடம், தகடு அழுத்தும் இயந்திரங்களுக்குப் பொறியாளர். அங்கே ஒரு விதி உண்டு. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால்தான் இயந்திரம் இறங்கும். கை உள்ளே மாட்டாது. ஆளைக் காப்பாற்றுகிற விதி.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபின் நாத்தனார் பார்க்க வந்தாள். கிளம்பும்போது அவர் காதருகே குனிந்தாள்.

"அண்ணா, இங்க ஒத்துவரலைன்னா ஒரு கால் குடுங்க. பேச வேண்டாம். ரிங் வந்தாலே வண்டியோட வந்து நிப்பேன்."

என்னிடம் திரும்பி, "நீங்கதான் இதுல கில்லாடியாச்சே அண்ணி. அண்ணனுக்கு ஈஸியா ஒரு பட்டன் வச்சுக் குடுங்க," என்றாள்.

"ஒண்ணு என்ன, ரெண்டா வைக்கிறேன்," என்றேன். சிரித்தாள்.

அவள் ஊருக்குப் போனதும் வைத்தேன். டேப்லெட்டின் நடுவில் அவள் படம், இரு ஓரங்களிலும் சிவப்பு வட்டங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அழைப்பு போகும். தவறிக் கைபட்டு அவள் பதறி ஓடி வரக்கூடாதல்லவா. அவருக்கு இடது கை மட்டும்தான் அசையும் என்பது எனக்குத் தெரியும். தினமும் சோப்பு போட்டுக் கழுவிவிடுகிறவள் நான்தானே.

மூன்றாம் வாரம் ஒரு வட்டத்தை முகவாயால் அழுத்திக்கொண்டு, மற்றதைக் கையால் எட்டினார். நல்லவேளை, விரல் வழுக்கியது. தொழிற்சாலை ஆட்களும் இப்படித்தான், ஒரு பொத்தானில் குச்சியைச் செருகிவிட்டு மற்றதை அழுத்துவார்கள். அதற்கு மருந்தையும் அங்கேயே கற்றிருந்தேன். இரண்டும் அரை நொடிக்குள் விழ வேண்டும். அன்றே சேர்த்துவிட்டேன்.

போன மாதம் நாத்தனார் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன்.

"நாலு மாசமா ஒரு கால்கூட இல்ல. அண்ணன் அங்க நிம்மதியாத்தான் இருக்காரு. நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் அண்ணி, மன்னிச்சிடுங்க."

அவர் கண் நிறைந்தது. தங்கை குரலைக் கேட்ட சந்தோஷம்.

இப்போது விசாரணை என்று கூப்பிட்டு, டேப்லெட்டின் பதிவை எடுத்து என் முன்னால் வைக்கிறீர்கள். சரியான கணக்குத்தான், மறுக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு தடவை வட்டத்தின்மேல் கை வைத்திருக்கிறார். என்னை விட்டுப் போக ஒரு தடவைகூட அவருக்கு மனசு வரவில்லை.